அமெரிக்காவுல அதிபர் மாறினா வெளிநாட்டு ஒப்பந்தமும் ஏன் மாறுது?

அங்க ஒப்பந்தம் ரெண்டு வகைங்க. ட்ரீட்டின்னா செனட்ல (அவங்க நாடாளுமன்ற மேலவைல) மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும், இப்ப இருக்கற கட்சிச் சண்டைல அது கிடைக்கறது குதிரைக்கொம்பு, அதனால அதிபருங்க தன் சொந்த அதிகாரத்துலயே ஒத்துக்கிட்டுப் போயிடறாங்க, இதான் நிர்வாக ஒப்பந்தம். பழைய ஹவுஸ் ஓனர் வாயால சொன்ன வாக்கு மாதிரி, வீடு கைமாறினா புது ஓனர் மதிக்கணும்னு கட்டாயமில்ல. பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தையே பாருங்க: 2016ல ஒபாமா சேர்ந்தார், 2020ல ட்ரம்ப் வெளியேறினார், 2021ல பைடன் திரும்ப சேர்ந்தார், 2025ல ட்ரம்ப் வந்த முதல் நாளே மறுபடி வெளியேற உத்தரவு (மத்த நாடுகளுக்குத் தலை சுத்தாதா!). ஈரான் அணு ஒப்பந்தமும் 2015ல போட்டு 2018ல இப்படித்தான் போச்சு.

அதுக்காக எலெக்‌ஷன் வந்தா எல்லாமே தலைகீழா மாறிடும்னு நினைக்காதீங்க, நேட்டோ ராணுவக் கூட்டணிய விட்டு அதிபர் தன்னிச்சையா விலகக்கூடாதுன்னு 2023ல காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சட்டமே போட்டிருக்கு.