பளபளப்பைப் பார்த்துக் கல் வாங்காதீர்கள்

கேள்வி: ஒரு வருஷத்துக்குள் இரண்டு இடிகல் வாங்கிவிட்டேன். முதல் கல் அடியில் விரிசல் விட்டது. இரண்டாவதில் எதை இடித்தாலும் பல்லில் மணல் நறநறக்கிறது. பல வருஷம் உழைக்கிற கல்லை எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: அந்த இரண்டாவது கல்லை இனிமேல் சமையலுக்கு எடுக்காதீர்கள், அம்மா. மணற்கல்லாகவோ சிமென்ட் வார்ப்பாகவோ இருந்தால் அது உதிர்ந்துகொண்டேதான் இருக்கும். நானும் ஏமாந்தவள்தான். கன்னங்கரேலென்று மினுங்கிய ஒன்றை ஆசையாக வாங்கி வந்தேன். நாலு நாளும் கழுவின தண்ணீர் கறுப்பாகவே ஓடியது. சாயம் போன இடத்தில் வெளிறிய சிமென்ட் தெரிந்தது.

அதிலிருந்து கடைக்குப் போனால் ஈரத் துணியும் ஒரு எலுமிச்சைத் துண்டும் கையோடு போகும். துணியால் அழுத்தித் துடைத்துக் கறுப்பு ஒட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுவேன். வெளி அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்தால் அது பளிங்கு. புளிப்பு பட்டால் அரித்துப்போகும். மாக்கல் நகம் பட்டாலே கீறும், இடிக்கத் தாங்காது. கருங்கல்தான் சரி. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் பளிங்கு 3தான். கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் 7. கத்தி முனையால் இழுத்தால் பளிங்கில் கீறல் விழும், நல்ல கருங்கல்லில் கத்தியின் இரும்புதான் கோடாக ஒட்டும்.

பிறகு குழிக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். பொடிக்கொத்தாகச் சொரசொரவென்று இருக்க வேண்டும். உள்ளேயும் வழவழவென்று இழைத்திருந்தால் மிளகு வழுக்கி ஓடும், நசுங்காது. குழவியும் அதே கல்லாக, விளிம்புக்கு மேலே பிடி நிற்கிற நீளத்தில் இருக்கட்டும். உங்கள் முதல் கல் அடி மெலிந்ததாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அடிப்பாகம் பக்கச் சுவரைவிடத் தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள். கனத்துக்குப் பயந்து சின்னதை எடுக்காதீர்கள், இடிக்கும்போது நகராமல் நிற்பதே அந்தக் கனத்தால்தான். விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, சத்தம் செத்திருந்தால் உள்விரிசல் இருக்கலாம்.

வாங்கி வந்ததும் சோப்பு போடாமல் தேய்த்துக் கழுவி, ஊறின அரிசியை அரைத்துக் கொட்டுங்கள். மாவு சாம்பல் நிறம் போய் வெள்ளையாக வரும்வரை பழக்க வேண்டும். என் கல்லுக்கு ஐந்தாம் தடவைதான் வெள்ளையாக வந்தது.