எல்டன் ரிங்கில் எந்த கிளாஸில் தொடங்குவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எல்டன் ரிங் என்ற வீடியோ கேம் 2022 பிப்ரவரியில் வந்தது. 2024 ஜூனில் அதன் விரிவாக்கமும் வந்துவிட்டது. ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது இன்றும் அதே கேள்விதான். பத்து கிளாஸ் (தொடக்கக் கதாபாத்திர வகை) இருக்கின்றன, எதை எடுப்பது? வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கிளாஸைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் நூறு மணி நேரம் வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஒரு வாரமாகத் தொடக்கத் திரையிலேயே நிற்கிறேன்.

வீணாகாது. இந்தப் பயத்தைப் போக்க ஒரு சின்னக் கணக்கு போதும்.

எந்த கிளாஸை எடுத்தாலும் எட்டு ஸ்டேட், அதாவது திறன் எண்கள், உண்டு. விகர் (உயிரின் அளவு), மைண்ட் (மேஜிக் அளவு), எண்டூரன்ஸ் (ஸ்டாமினா), ஸ்ட்ரெங்த் (வலிமை), டெக்ஸ்டெரிட்டி (கைத்திறன்), இன்டெலிஜென்ஸ் (மந்திரத்துக்கு), ஃபெய்த் (பிரார்த்தனை மந்திரத்துக்கு), ஆர்கேன் (ரத்தக்கசிவு போன்றவற்றுக்கு). ஒரு கிளாஸின் எட்டு எண்களையும் கூட்டி 79-ஐக் கழித்தால் அதன் தொடக்க லெவல் வந்துவிடும். ரெச் என்ற கிளாஸுக்கு எல்லாவற்றிலும் 10. கூட்டினால் 80, லெவல் 1. சாமுராய்க்குக் கூட்டுத்தொகை 88, லெவல் 9. பேண்டிட்டுக்கு 84, லெவல் 5. பத்து கிளாஸுக்கும் இதே கணக்குதான். அதாவது, லெவல் 9-ல் தொடங்குகிறவர் லெவல் 5-ல் தொடங்குகிறவரைவிடப் பலசாலி என்று எண்ண வேண்டியதில்லை. அந்த நாலு லெவலை அவருக்கு முன்கூட்டியே கொடுத்து, எங்கே போடுவது என்பதையும் கேமே முடிவு செய்திருக்கிறது. அவ்வளவுதான். லெவல் 1-லிருந்து 2-க்குப் போக 673 ரூன் (எதிரிகளை வென்றால் கிடைக்கும் கேம் பணம்) போதும். தொடக்க லெவல்களின் விலை முதல் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே கைக்கு வந்துவிடும்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? உங்களுக்குத் தேவைப்படாத ஸ்டேட்டில் எத்தனை புள்ளி முடங்கிக் கிடக்கிறது என்பதில். மூன்வெய்ல் என்ற வாளை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஸ்ட்ரெங்த் 12, டெக்ஸ்டெரிட்டி 18, இன்டெலிஜென்ஸ் 23 வேண்டும். பிரிசனராகத் தொடங்கினால் லெவல் 23-ல் கையில் பிடிக்கலாம். அஸ்ட்ராலஜருக்கும் அதே 23. சாமுராய்க்கு 26. வாளையும் கவசத்தையும் நம்பும் வேகபாண்டுக்குக்கூட 28. நல்ல தேர்வுக்கும் பொருந்தாத தேர்வுக்கும் நடுவில் ஐந்து லெவல்தான் இடைவெளி. பெரும்பாலானவர்கள் கதையை முடிக்கும்போது நூறு லெவலைத் தாண்டியிருப்பார்கள். அங்கே இந்த ஐந்து கண்ணிலேயே படாது.

எனவே கடைசியில் என்ன ஆக வேண்டும் என்று இப்போதே திட்டம் போடாதீர்கள். முதல் ஐந்தாறு மணி நேரம் எந்த ஆயுதத்தோடு இருக்கப் பிடிக்கும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கிளாஸ் உண்மையாகத் தீர்மானிப்பது அந்த நேரத்தைத்தான்.

கேள்வி: சாமுராயா, வேகபாண்டா? எல்லோரும் இந்த இரண்டைத்தான் சொல்கிறார்கள்.

இரண்டுமே நல்லவை. சொல்கிறவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

சாமுராயின் பலம் அதன் மூட்டை. உச்சிகட்டானா வாள் எதிரிக்கு ரத்தக்கசிவை ஏற்றும். அது நிரம்பியதும் எதிரியின் உயிரில் ஒரு பெரிய துண்டு ஒரே நொடியில் போய்விடும். கூடவே ஒரு நீண்ட வில்லும், சாதாரண அம்பும், தீ அம்பும் உண்டு. லிம்கிரேவ் என்ற முதல் பகுதியில் கூட்டமாக நிற்கும் வீரர்களில் ஒருவனை மட்டும் அம்பு விட்டு இழுத்து, தனியாகச் சண்டை போடலாம். புதியவருக்கு இது பெரிய உதவி. தூரத்திலிருந்து அடிக்க வழியில்லாமல் தொடங்குகிறவர்கள் முதல் முகாமிலேயே சூழப்பட்டுத் திணறுவார்கள்.

வேகபாண்டிடம் நீண்ட வாள், ஹால்பெர்ட், ஒரு ஹீட்டர் ஷீல்டு இருக்கும். அந்த ஷீல்டு சாதாரண அடியை 100 சதவீதம் தடுக்கும். பத்து கிளாஸிலும் அதிக விகர் இதற்குத்தான்: 15, அதாவது 522 உயிர். ஆர்கேன் 7 மட்டுமே. நேரடிச் சண்டைக்காரருக்குத் தேவையில்லாத இடத்தில் மிகக் குறைவாகவே புள்ளி முடங்கியிருக்கிறது.

என் தேர்வைக் கேட்டால், இந்த வகை கேம் முதல்முறை என்பவருக்கு வேகபாண்ட்தான். காரணம் கட்டானாதான். டெத்டச்டு கேட்டகோம்ப்ஸ் என்ற நிலவறையில் ஒரு உச்சிகட்டானா அப்படியே கிடக்கிறது. ஸ்டார்ம்ஹில் பக்கம் போனால் தொடக்கத்திலேயே எடுத்துவிடலாம். அதைப் பிடிக்க ஸ்ட்ரெங்த் 11, டெக்ஸ்டெரிட்டி 15 வேண்டும். வேகபாண்டுக்கு டெக்ஸ்டெரிட்டியில் 2 புள்ளி போட்டால் போதும். சாமுராயாகத் தொடங்கியவர்களும் அங்கே போக வேண்டும். இரண்டு கையிலும் ஒரே வகை வாள் இருந்தால் இரண்டையும் சேர்த்து வீசலாம். அந்த வேகம் அடிமையாக்கிவிடும்.

கேள்வி: மேஜிக் எடுத்தால் கேம் ரொம்ப எளிதாகிவிடும் என்கிறார்கள். அஸ்ட்ராலஜர் எடுத்து மார்கிட் என்ற பாஸிடம் (பெரிய எதிரி) தொடர்ந்து செத்துக்கொண்டிருக்கிறேன். என்ன தவறு?

தவறு ஒன்றுமில்லை. "எளிது" என்கிறவர்கள் பத்து மணி நேரம் கழிந்த பிறகான அஸ்ட்ராலஜரைச் சொல்கிறார்கள். தொடக்கத்து அஸ்ட்ராலஜர் மெலிந்தவர். விகர் 9, உயிர் 396. மார்கிட்டின் ஒரு சுழற்றல் முழுதாகப் பட்டாலே பாதிக்கு மேல் போய்விடும்.

மூன்று விஷயம் செய்யுங்கள். முதலில், கிரேஸ் என்ற ஓய்விடத்தில் உட்கார்ந்து, உயிரையும் மேஜிக்கையும் மீட்கும் ஃபிளாஸ்க்குகளைப் பிரித்து வையுங்கள். தொடக்கத்தில் உயிருக்கு மூன்றும் மேஜிக்குக்கு ஒன்றும் என்றிருக்கும். மந்திரமே உங்கள் ஆயுதம் என்பதால் இரண்டுக்கு இரண்டு என்று மாற்றிப் பாருங்கள். இது எந்நேரமும் மாற்றக்கூடியது என்பதையே பலர் கவனிப்பதில்லை.

இரண்டாவது, மார்கிட்டிடம் இப்போதே போக வேண்டியதில்லை. கெய்லிட் நிலத்தில், ஏயோனியா சதுப்பு நிலத்தில், ஸ்ட்ரீட் ஆஃப் சேஜஸ் என்ற இடிபாடுகள் உள்ளன. அங்கே மீட்டியோரைட் ஸ்டாஃப் என்ற மந்திரக்கோல் கிடைக்கும். அதே இடிபாடுகளின் நிலவறையில் ராக் ஸ்லிங் மந்திரம். இரண்டுக்கும் இன்டெலிஜென்ஸ் 18 போதும். உங்களிடம் ஏற்கெனவே 16 இருக்கிறது. அந்தக் கோல் ராக் ஸ்லிங் போன்ற ஈர்ப்பு மந்திரங்களின் பலத்தை இன்னும் கூட்டும். எந்தச் சண்டையும் போடாமல் டோரென்ட் குதிரையில் ஓடிப்போய் எடுத்துவிட்டுத் திரும்பலாம். வழியில் செத்தாலும் கவலையில்லை, கையில் ரூன் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். கோலை மேம்படுத்த முடியாது என்பது ஒரு குறை. ஆனாலும் ராயா லுகாரியா அகாடமி வரை அது தாராளமாகத் தாங்கும்.

மூன்றாவது, இன்டெலிஜென்ஸில் மட்டும் கொட்டாதீர்கள். அடுத்த பத்து லெவலில் பாதியையாவது விகருக்குக் கொடுங்கள். மேஜிக்காரர்கள் விகரை மறப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தோல்வி. எதிரி உங்களைத் தொடவே மாட்டான் என்று கணக்குப் போட்டு ஒரு பில்டை (புள்ளிகளும் ஆயுதமும் சேர்ந்த அமைப்பை) உருவாக்குகிறார்கள். மார்கிட்டோ ஒளிக்கத்தியை வீசிக்கொண்டே பக்கத்தில் வந்துவிடுகிறான்.

கேள்வி: என் வயது 46. கை வேகம் இல்லை. டாட்ஜ் (அடியிலிருந்து விலகுவது) சரியான நேரத்தில் வருவதே இல்லை. எனக்கு ஒத்துவரும் கிளாஸ் உண்டா?

உண்டு, தயங்காமல் வாருங்கள். வேகபாண்டை எடுத்து ஷீல்டைத் தூக்கியே வைத்திருங்கள். அடியைத் தடுத்த உடனே ஹெவி அட்டாக் பட்டனை அழுத்தினால் கார்டு கவுன்டர் என்ற பலமான பதிலடி விழும். பாதிச் சண்டைகளை இது ஒன்றை வைத்தே முடிக்கலாம். இதற்குத் தேவை பொறுமைதான். ஸ்டாமினா தீராமல் பார்த்துக்கொள்ள எண்டூரன்ஸில் கொஞ்சம் போடுங்கள். சுமை 70 சதவீதத்தைத் தொட்டால் உருளல் கனத்துவிடும், அதைத் தாண்ட விடாதீர்கள்.

அப்புறம், ஆவிகளை அழைக்கத் தயங்கவே வேண்டாம். டோரென்ட் கிடைத்த பிறகு இரவில் சர்ச் ஆஃப் எல்லேவுக்குப் போனால் ரென்னா என்ற பெண் அழைப்பு மணியையும் மூன்று ஓநாய்களையும் தருவாள். பாஸ் ஓநாயைத் துரத்தும் நேரம் நீங்கள் மூச்சு வாங்கும் நேரம். அதை "ஏமாற்று" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கேமை உருவாக்கியவர்கள் வீரரின் கையில் வேண்டுமென்றே கொடுத்த கருவி அது.

கேள்வி: பேண்டிட்டை யாரும் பரிந்துரைப்பதில்லையே, ஏன்?

லெவல் 5, கையில் ஒரு கத்தி, ஒரு சிறிய வில், பக்லர் என்ற ஒரு சிறு ஷீல்டு. பார்க்க எளியதாகத் தெரிவதால்தான். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த தொடக்கம் இது. ஆர்கேன் 14 என்பது பத்து கிளாஸிலும் அதிகம், ரத்தக்கசிவு பில்டுக்கு அதுதான் அடித்தளம். லிம்கிரேவில் அகீல் ஏரியிலிருந்து வடக்கே ஆற்றோடு நடந்தால் நெரியஸ் என்பவன் உங்கள் மேல் படையெடுத்து வருவான். அவனை வென்றால் ரெடுவியா என்ற குறுவாள் கிடைக்கும். அதற்கு டெக்ஸ்டெரிட்டி 13, ஆர்கேன் 13 வேண்டும். பேண்டிட்டிடம் இரண்டும் முதல் நாளே இருக்கின்றன. வேறு எந்த கிளாஸும் அதை உடனே பயன்படுத்த முடியாது. தூரத்துக்கு ரத்த அலை வீசும் குறுவாள் அது. பக்லரில் பேரி (அடியைத் தட்டிவிடுவது) பழக ஆசையிருந்தாலும் இதை எடுங்கள்.

கேள்வி: பிராஃபெட், கன்ஃபெஸர் இரண்டும் ஃபெய்த்தான். எது மேல்?

பிரார்த்தனை மந்திரங்களையே முழுக்க நம்பப் போகிறீர்கள் என்றால் பிராஃபெட். ஃபெய்த் 16, கேட்ச் ஃபிளேம் என்ற நெருப்பு மந்திரம் கையிலேயே வரும். ஆனால் அதன் எட்டும் தூரம் ரொம்பக் குறைவு. ரவுண்ட்டேபிள் ஹோல்டில் இருக்கும் கோர்ஹினிடம் சீக்கிரம் போய் ஃபிளேம் ஸ்லிங் வாங்கிவிடுங்கள், அதுவரை கொஞ்சம் கஷ்டம்தான்.

வாளும் வேண்டும், குணப்படுத்தலும் வேண்டும் என்றால் கன்ஃபெஸர். பிற்பாடு ரைகார்ட் என்ற பாஸை வென்று பிளாஸ்ஃபிமஸ் பிளேடு வாங்கும் ஆசை இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அந்த வாளுக்கு ஸ்ட்ரெங்த் 22, டெக்ஸ்டெரிட்டி 15, ஃபெய்த் 21 தேவை. கன்ஃபெஸர் லெவல் 30-ல் அங்கே வந்துவிடுவார்.

கேள்வி: ஆரம்பப் பரிசாக எதை எடுக்கலாம்?

கோல்டன் சீட். நாலு ஃபிளாஸ்க் ஐந்தாகும். 3,000 ரூன் தரும் லேண்ட்ஸ் பிட்வீன் ரூனை எடுக்காதீர்கள், ஒரு மணி நேரத்தில் சம்பாதிக்கும் தொகை அது.

கேள்வி: நண்பனும் நானும் சேர்ந்து விளையாடப் போகிறோம். இருவரும் ஒரே கிளாஸ் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் வேறு வேறாக எடுத்தால் சுவை அதிகம். சேர்ந்து விளையாடும்போது ஆவிகளை அழைக்க முடியாது, குதிரையும் வராது. எனவே எதிரியின் கவனத்தை இழுத்து வைக்க ஒருவர் வேண்டும். ஒருவர் வேகபாண்ட் அல்லது ஹீரோ, மற்றவர் அஸ்ட்ராலஜர் என்பது நன்றாக வேலை செய்யும். இருவரும் ஒரே பாஸ்வேர்டு போட்டுக்கொள்ளுங்கள். அப்போது லெவல் வித்தியாசம் தடையாக இருக்காது. அதிக லெவலில் இருப்பவரின் பலத்தை கேமே குறைத்துவிடும்.

கேள்வி: ரெச் எடுத்தால்தான் உண்மையான வீரன் என்கிறார் என் அண்ணன்.

லெவல் ஏறாமலே லெவல் 1-ல் முழுக் கேமையும் முடிக்கும் சவாலுக்கு ரெச்தான் வழி. அதற்குத்தான் எடுக்கிறீர்கள் என்றால் சரி. முதல்முறை என்றால் கவசம் இல்லாமல், ஒரு தடிக்கம்போடு நிற்பதால் கூடுதலாக எதுவும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. அண்ணனிடம் இரண்டாம் சுற்றில் எடுப்பதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: முப்பது மணி நேரம் ஹீரோவாக ஓட்டிவிட்டேன். இப்போது மேஜிக் ஆசை வந்துவிட்டது. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். ராயா லுகாரியாவில் ரென்னலா என்ற பாஸை வென்ற பிறகு அவளிடமே போய் லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்தால், இதுவரை போட்ட புள்ளிகளை எல்லாம் எடுத்து வேறு இடத்தில் போடலாம். ஆனால் கிளாஸ் மாறாது. ஹீரோவின் தொடக்க எண்களுக்குக் கீழே எதையும் இறக்க முடியாது. ஸ்ட்ரெங்த் 16 அப்படியே நிற்கும், இன்டெலிஜென்ஸ் 7-லிருந்து ஏற்ற வேண்டும். அதே லெவலில் உள்ள அஸ்ட்ராலஜரைவிடச் சில புள்ளிகள் பின்தங்குவீர்கள், அவ்வளவுதான். அந்த 16 ஸ்ட்ரெங்த்தைப் பயன்படுத்தும் ஒரு வாளைக் கையில் வைத்துக்கொண்டு மந்திரமும் பழகுங்கள்.

லார்வல் டியர் ஒரு சுற்றில் அளவாகத்தான் கிடைக்கும். அதனால் புள்ளிகளை மாற்றும் முன் கோல், மந்திரங்கள், மேம்பாட்டுக் கற்கள் எல்லாவற்றையும் சேகரித்துவிட்டுப் போங்கள். ஆயுதத்தின் மேம்பாட்டு லெவல்தான் தொடக்கத்திலும் நடுவிலும் ஸ்டேட்டைவிட அதிகம் பேசும். +0 கோலோடு புது மந்திரவாதியாக வெளியே வந்தால், பழைய கோடாலியே மேல் என்று தோன்றிவிடும்.