ஆப்கன் பெண்களின் கல்விக்காக உழைப்பவர்களில் உங்களை மிகவும் வியக்க வைத்தவர் யார்?

ஷபானா பாசிஜ்-ராசிக். காபூலில் பெண் பிள்ளைகளுக்கென்று 'சோலா' என்ற உறைவிடப் பள்ளியை நடத்தியவர். மலாலாவைத் தெரிந்த அளவுக்கு நம்மவர்களுக்கு இவரைத் தெரியாது.

நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு சேர்க்கைப் பதிவேடு இடம் மாறிவிட்டாலே பீரோ முழுவதையும் கொட்டிக் கவிழ்த்துத் தேடுவோம். இவரோ 2021 ஆகஸ்டில், தாலிபான்கள் காபூலைப் பிடித்ததும், மாணவிகளின் ஆவணங்கள் அத்தனையையும் எரித்துவிட்டார். எந்த வீட்டுப் பெண் படிக்கிறாள் என்ற விவரம் அவர்கள் கையில் சிக்கக் கூடாது என்பதற்காக. அது எரிகிற வீடியோவை ட்விட்டரில் போட்டதும் பெற்றோர்களுக்குத் தைரியம் சொல்லத்தான்.

அவருடைய படிப்பே ஒளிந்து படித்த படிப்பு. 1996-ல் முதல் தாலிபான் ஆட்சி வந்தபோது ஆறு வயது. அக்கா தனியாக வெளியே போக முடியாது என்பதால், இவர் பையன் வேஷம் போட்டுத் துணைக்குப் போவார். போன இடம் ஒரு வீட்டுக்குள் நடந்த ரகசியப் பள்ளி. சின்னக் கூடத்தில் நூறு பேருக்கு மேல். மளிகைப் பைக்குள் புத்தகத்தை மறைத்து, தினம் ஒரு வழியாகச் சுற்றிப் போவார்கள். அம்மாவும் ஓர் ஆசிரியை. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு வீட்டிலேயே பாடம் எடுத்தவர். அந்த அம்மாவைப் படிக்க வைத்ததற்காகத் தாத்தாவை அவருடைய அப்பா வீட்டை விட்டே ஒதுக்கிவைத்தார். நான்கு தலைமுறைச் சண்டை இது.

தாலிபான்கள் வீழ்ந்த பிறகு, 2002 மார்ச்சில், பெண் பிள்ளைகள் எந்த வகுப்பில் சேர்வது என்று முடிவு செய்யத் தேர்வு வைத்தார்கள். காரணம், பழைய பதிவேடுகளைத் தாலிபான்கள் எரித்திருந்தார்கள். அந்தத் தேர்வை எழுதியவர்களில் ஷபானாவும் ஒருவர். பிற்பாடு அவரே பதிவேடுகளுக்குத் தீ வைக்க வேண்டி வந்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது வயிற்றைப் பிசையும்.

எரித்ததோடு நிற்கவில்லை. மாணவிகள், ஊழியர்கள், குடும்பத்தினர் என்று சுமார் 250 பேரை ருவாண்டாவுக்கு அழைத்துப் போய் அங்கே வகுப்பைத் தொடங்கிவிட்டார். அப்போது அவர் அதற்குச் சொன்ன பெயர், வெளிநாட்டில் ஒரு கல்விப் பருவம் (செமஸ்டர்). இன்னும் ஊர் திரும்ப முடியவில்லை.

சரி, ஒரு பள்ளியால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் படிக்க ஆப்கானிஸ்தானில் தடை. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகத்தையும் மூடினார்கள், 2024 டிசம்பரில் செவிலியர், மருத்துவச்சிப் படிப்பையும் நிறுத்தினார்கள். குறைந்தது 14 லட்சம் பெண் பிள்ளைகள் இப்படித் தடுக்கப்பட்டிருப்பதாக 2024-ல் யுனெஸ்கோ சொன்னது. இதன் முன்னால் ருவாண்டாவில் உள்ள பள்ளி சின்னதுதான். ஆனால் இப்போது பல நாடுகளில் அகதிகளாக வாழும் ஆப்கன் குடும்பங்களின் பெண்களும் அங்கே சேர விண்ணப்பிக்கிறார்கள். வெளியே வர முடியாதவர்களுக்காக வாட்ஸ்அப்பிலும் பாடம் நடத்துகிறார்கள்.