சுவரில் இருந்த அரக்குக் கறை

கேள்வி: பழைய கட்டடங்கள், இடிந்த சுவர்கள், துருப்பிடித்த கேட்டுகள் இவற்றின் புகைப்படங்களைப் பார்த்தால் கதை தோன்றுமா? உங்களுக்கு அப்படித் தோன்றி எழுதியது உண்டா?

உண்டு. ஒரு சுவரின் படத்தை வைத்து ஒரு கதை எழுதினேன், அச்சிலும் வந்தது. அது தப்பான கதை. மொழியில் தப்பில்லை, நான்கு பேர் பாராட்டவும் செய்தார்கள். படத்தில் இருந்ததைப் படிக்காமல் எழுதிய கதை என்பதால் தப்பு என்கிறேன். கேள்வியைப் பார்த்ததும் அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

உங்கள் போனிலும் இதே மாதிரிப் படங்கள் நூறு இருநூறு இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கோ வெளிநாட்டில் கைவிட்ட ஆஸ்பத்திரி, கொடி படர்ந்த ரயில் பெட்டி. பார்த்தால் மனசு ஒரு மாதிரி ஆகிறது, உட்கார்ந்து எழுதினால் நான்கு வரிக்கு மேல் ஓடவில்லை. சரிதானே? நானும் அப்படித்தான் இருந்தேன். மனசு ஒரு மாதிரி ஆவது பார்க்கிறவருடைய விஷயம். அந்தச் சுவருக்கு நடந்தது வேறு.

மதுரையில் தெற்குமாசி வீதியை ஒட்டி ஒரு சந்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடைக்கு நாலைந்து கட்டடம் தள்ளி ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். இடித்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. வீடு போய்விட்டது, பக்கத்து வீட்டோடு ஒட்டியிருந்த பொதுச்சுவர் மட்டும் நின்றது. மதுரைக்காரர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். ஒரு வீட்டின் உள்பக்கம் முழுவதும் தெருவுக்குத் தெரியும்படி நிற்கும். மாடிப்படி இருந்த தடம் பல் பல்லாக மேலே ஏறிப் போகிறது. கீழே ஒரு அறை நீலம், மாடியில் ஒரு அறை பச்சை. மாடக்குழியில் விளக்குக் கரி. காலண்டர் தொங்கிய இடம் மட்டும் வெளுக்காமல் சதுரமாக இருக்கிறது. காரை உதிர்ந்த இடத்தில் அந்தக் காலத்துச் சின்னச் செங்கல், தட்டையாக, பிஸ்கட் அடுக்கின மாதிரி.

போனில் நான்கு படம் எடுத்தேன். நான்காவது படம் கிட்டப்போய் எடுத்தது. பின்கட்டுப் பக்கம், இடுப்பு உயரத்தில், சுவர் முழுக்க அரக்கு நிறத்தில் தெறிப்பு. காய்ந்த ரத்தம் போலவே இருந்தது.

அன்றைக்கு ராத்திரியே எழுத உட்கார்ந்தேன். குடித்துவிட்டு வந்து அடிக்கும் புருஷன், சுவரில் ரத்தம், எத்தனை முறை வெள்ளையடித்தாலும் மேலே வந்துவிடும் கறை, பல வருடம் கழித்து வீடு இடிபடும் நாளில் வந்து நின்று அதைப் பார்க்கும் மகள். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். ஒரு சிற்றிதழில் போட்டார்கள். பிரிண்ட் எடுத்து அந்தப் படத்தைக் கடையில் என் இருக்கைக்குப் பின்னால் ஒட்டியும் வைத்தேன்.

ஆறு மாதம் இருக்கும். எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா ஆதார் கார்டும் ரேஷன் கார்டும் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். முதியோர் பென்ஷனுக்கு. இப்போது வில்லாபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார், பெருமாள் கோயிலுக்கு வந்தவர் அப்படியே கடைக்கும் வந்திருக்கிறார். காகிதம் வெளியே வருகிற வரைக்கும் சும்மா இருந்தவர், எனக்குப் பின்னால் பார்த்துவிட்டு, "தம்பி, இது எங்க வீட்டுச் சுவருல்ல?" என்றார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. அந்த வீட்டில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறார். தெறிப்பைக் காட்டி இது என்னம்மா என்று கேட்டேன். "சாயம் தம்பி. சுங்குடிக்குப் போடுற அரக்கு. அண்டாவுல இருந்து எடுத்துப் பிழியும்போது தெறிக்கும்ல?" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் காற்றில் ஒரு சேலையை முறுக்கிப் பிழிந்து காட்டினார். இடுப்பு உயரம். சுவரில் தெறிப்பு இருந்த அதே உயரம்.

சௌராஷ்டிரக் குடும்பம். சுங்குடி உங்களுக்குத் தெரிந்திருக்கும், 2005ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரைச் சேலை. துணியை நகத்தால் கிள்ளிக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கினால், முடிச்சுக்குள் சாயம் ஏறாது. காய்ந்ததும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் முடிச்சு பட்பட்டென்று தெறித்துப் பிரியும், உள்ளே வெள்ளைப் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. பின்கட்டில்தான் சாயம் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் சாயம் போட, இவர் பிழிந்து கொடுக்க.

"எங்க வீட்டுக்காரர் ஒருநாள் கை நீட்டினவர் இல்ல" என்று பேச்சோடு பேச்சாக அந்த அம்மா சொன்னார். என் கதை அவருக்குத் தெரியாது. அவர் அதைச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. ஆனால் எனக்கு முகத்தைப் பார்க்க முடியவில்லை. நல்ல மனிதர் ஒருவர் வாழ்ந்த வீட்டுக்குள், ஒரு கறையை மட்டும் பார்த்துவிட்டு, ஒரு அடிதடியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

இங்கே சிலர் வந்து, கதை என்றாலே கற்பனைதானே, இதில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். கற்பனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் போனபிறகு படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். கறை ஒரே பூச்சில் இல்லை. நீலப் பூச்சுக்கு மேலேயும் இருக்கிறது, அது உரிந்த இடத்தில் அடியிலிருந்த வெள்ளைப் பூச்சிலும் இருக்கிறது. ஒரு நாள் சிந்திய ரத்தம் என்றால் ஒரு பூச்சில்தானே இருக்கும்? அடித்த வெள்ளைக்கு மேல் திரும்பத் திரும்பத் தெறித்திருக்கிறது என்றால் அது வருடக்கணக்காக அங்கே நடந்த வேலை. இது என் படத்திலேயே இருந்தது. அண்டா, சேலை எல்லாம் தெரிந்திருக்க வேண்டாம், "இங்கே தினமும் ஏதோ நடந்திருக்கிறது" என்று மட்டும் பிடித்திருந்தால்கூட என் கதை வேறு பாதையில் போயிருக்கும். அதனால் சொல்கிறேன், இடிந்துபோன விதத்தைப் பார்க்காதீர்கள், புழங்கின தடத்தைப் பாருங்கள். கை பட்டுப் பட்டு மழுங்கின படி விளிம்பு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறின கதவு நிலை, எத்தனை ஆணி, எந்த உயரத்தில்.

ஆணி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் போன வருடம் வரை குடியிருந்த வாடகை வீட்டில் ஒரு ஆணி அடிக்கக் கூடாது என்பது கண்டிஷன். ஏழு வருடம் என் அப்பா படத்தைப் பீரோ மேல் சாய்த்துத்தான் வைத்திருந்தோம். காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று சொல்லி அட்வான்ஸில் இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆணி இல்லை, கிறுக்கல் இல்லை, எதற்கு வெள்ளை? கேட்டால் வழக்கம் என்கிறார்கள். சுவரில் ஒரு அடையாளமும் விடாமல் வாழ்ந்துவிட்டு அதற்கும் காசு கொடுத்துவிட்டு வந்தோம். வாடகைக்கு இருப்பவர்கள் யாராவது இதைத் தட்டிக் கேட்டு ஜெயித்திருந்தால் தயவுசெய்து கமெண்டில் சொல்லுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்புறம் எனக்குப் படம் பார்க்கிற பழக்கமே மாறிவிட்டது. என் தொழில் அச்சு சம்பந்தப்பட்டது என்பதால் சிலது சீக்கிரம் கண்ணில் படும். வெயில் பட்ட போஸ்டரில் சிவப்பும் மஞ்சளும் முதலில் ஓடிவிடும், நீலமும் கறுப்பும் நிற்கும். ஒரே சுவரில் ஒரு போஸ்டர் நீலம் பூத்தும் பக்கத்துப் போஸ்டர் பளிச்சென்றும் இருந்தால், நடுவில் அங்கே ஒரு நிழல் இருந்திருக்கிறது. என்ன நிழல்? பெட்டிக்கடைப் படுதாவா, வெட்டிய மரமா? ஒரு கேள்வி வந்தாயிற்று. கேள்வி வந்தால் ஆள் வந்துவிடுவார்.

மதுரையில் இதற்குப் பஞ்சமே இல்லை. பெரியார் பஸ் நிலையத்துப் பக்கம் பழைய கோட்டையின் மேற்கு வாசல் மிச்சம் நிற்கிறது. தினமும் ஆயிரம் பேர் அதைத் தாண்டிப் போகிறோம். 1840களில் பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த இடத்தில் போட்டவைதான் இன்றைய வெளி வீதிகள். மாரட் என்ற சர்வேயர் பெயரிலும் பெருமாள் என்ற மேஸ்திரி பெயரிலும் இன்றும் தெரு இருக்கிறது. ஆனால் சுவரை உடைத்த கூலிக்காரர் ஒருவர் பெயரிலும் தெரு இல்லை. அந்த மிச்சத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பாட்டன் காத்த சுவரைப் பேரன் கூலிக்கு உடைத்தானா என்று யோசித்துப் பாருங்கள். பத்துத்தூண் சந்தும் அப்படித்தான். 1636ல் திருமலை நாயக்கர் கட்டிய மகாலில் இன்று நிற்பது கால்வாசி. தலைநகரைத் திருச்சிக்கு மாற்றிய பேரன் சொக்கநாத நாயக்கர் பெயர்த்துக்கொண்டு போனது போக, மகாலைச் சேர்ந்த பத்துக் கல்தூண்கள் துணிக்கடைகளுக்கு நடுவே தனியாக நிற்கின்றன. தூணின் கம்பீரத்தை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நான் கடைக்காரர்கள் தோள் உரசும் உயரத்தைத்தான் எடுப்பேன்.

நேரில் பார்க்காமல் படத்தை வைத்து எழுதுவது கதையே இல்லை என்று என்னோடு சண்டை போட்ட நண்பர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தச் சுவரை நான் நேரிலும் பார்த்தேன், நேரில் பார்த்தபோதும் ரத்தம் என்றுதான் நினைத்தேன். இப்போது அங்கே புதுக் கட்டடம் எழும்பிவிட்டது, சுவர் மறைந்துவிட்டது. படம் இல்லையென்றால் அந்த அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்.

அடுத்த மாதமும் வந்தார். அந்தப் படத்தை ஏ4 அளவில் எடுத்து லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். தெறிப்புக்குப் பக்கத்தில், கதவு நிலை இருந்த இடத்தை ஒட்டி, ஆணியால் கீறிய கோடுகள் வரிசையாக உண்டு. நான் அதைச் சுவர் விரிசல் என்று நினைத்துக் கவனிக்காமல் விட்டிருந்தேன். முடிச்சுப் போடத் துணியை வெளியே பெண்களிடம் கொடுத்து அனுப்பும்போது ஒரு கோடு, முடிச்சுப் போட்டுத் திரும்பி வந்தால் அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. அதுதான் கணக்கு நோட்டு.

விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தவர் கடைசிக் கோட்டில் நிறுத்தினார். அதற்குக் குறுக்குக் கோடு இல்லை.

"இது திரும்பி வரவே இல்ல தம்பி" என்றார்.

யார் கொண்டுபோனது என்று கேட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொன்னார். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.