கண்ணுக்கு மங்கல், உருவத்தில் ராட்சதன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மங்கலான சில விண்மீன்களை ராட்சத விண்மீன், அதாவது சூரியனைவிடப் பல மடங்கு பெரியது, என்கிறீர்கள். வெறும் கண்ணுக்கு அரைகுறையாகத்தானே தெரிகிறது?

பதில்: தூரம்தான் காரணம். மிதுனத்தில் பளிச்சென்று தெரியும் போலக்ஸ், 34 ஒளியாண்டு தள்ளியிருக்கும் ராட்சதன். அதையே 340 ஒளியாண்டுக்கு அப்பால் வைத்தால் வெளிச்சம் நூறில் ஒரு பங்காகிவிடும். ஒளிப்பொலிவெண் (எண் கூடக்கூட மங்கல் என்று பொருள்) 1.1 என்பது 6.1 ஆகிவிடும். நல்ல இருட்டிலும் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கேள்வி: இத்தகைய ராட்சதன் ஆரஞ்சு நிறம் என்று படித்தேன். எனக்கு நிறமே தெரியவில்லை.

பதில்: உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரித்தறியத் தெரியாது. பைனாகுலரில் பாருங்கள், தெரிந்துவிடும்.

கேள்வி: வெறும் புள்ளியாகத் தெரிவதன் அளவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் துளி இடம் மாறுவதுபோல் தோன்றும். ஹிப்பார்கோஸ், கையா விண்கலங்கள் அந்தக் கோணத்தை அளந்து தூரத்தைத் தந்தன. தூரம் தெரிந்தால், அகச்சிவப்பையும் சேர்த்து மொத்த ஒளிர்வு கிடைக்கும். வெப்பநிலையை நிறமாலை, அதாவது நிறங்களாகப் பிரித்த ஒளி, சொல்லும்.

சரி, ஒரு விண்மீன் சூரியனைப்போல் 50 மடங்கு ஒளிர்கிறது, வெப்பநிலை 4,750 கெல்வின் என்று வைப்போம். சூரியனுக்கு 5,772. ஒளி வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் குறையும் என்பதால், இதன் ஒவ்வொரு சதுர மீட்டரும் சூரியனில் பாதிகூட ஒளிராது. அப்படியும் 50 மடங்கு வெளிச்சம் வர வேண்டுமானால் பரப்பு சுமார் 109 மடங்கு இருந்தாக வேண்டும். அதாவது ஆரம் பத்து மடங்குக்குக் கொஞ்சம் மேல்.

கேள்வி: அப்படியானால் எடையும் பயங்கரமாக இருக்குமே?

பதில்: இல்லை, வியப்பே இதில்தான். அதே விண்மீனின் நிறை சூரியனைப்போல் இரு மடங்கு என்றால், சராசரி அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு இரண்டரை மில்லிகிராம்தான் வரும். நாம் சுவாசிக்கும் காற்றைவிட இரு மடங்கு, அவ்வளவே! மேற்பரப்பில் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் பாதி. ஆனால் சராசரியை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். நடுவே இருக்கும் ஹீலியக் கரு மிக மிக அடர்த்தியானது.

கேள்வி: அந்த நிறையை எப்படி அறிவது?

பதில்: தனி விண்மீனுக்கு இதுதான் கடினம். உள்ளே கொதித்தெழும் வாயுவால் விண்மீன் மெல்ல அதிரும், வெளிச்சமும் துளி ஏறி இறங்கும். சூரியன் ஏறக்குறைய 5 நிமிடத்துக்கு ஒருமுறை அதிர்கிறது. நம் ராட்சதனுக்கு நாலைந்து மணி நேரம் ஆகும். கெப்லர், டெஸ் விண்கலங்கள் இத்தகைய அதிர்வுகளைப் பதிவு செய்தன. அதிர்வுகளின் வேகமும், அவற்றுக்கு இடையிலான வேக வித்தியாசமும், வெப்பநிலையும் கையில் இருந்தால் நிறையையும் ஆரத்தையும் கணக்கிட்டுவிடலாம். அப்புறம், நிறை தெரிந்தால் வயதையும் மதிப்பிடலாம்.