அக்கா யார், தங்கை யார்?

கேள்வி: இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அன்புக்காக ஆன் பொலின், மேரி பொலின் என்ற சகோதரிகள் போட்டியிடுவதைச் சொல்லும் நாவலைப் படித்தேன். உண்மையிலேயே அவ்வளவு பகை இருந்ததா? இத்தகைய நாவல்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: நாவல் காட்டும் அளவுக்குப் பகை இருந்ததற்குச் சான்று இல்லை. மன்னருக்கும் மேரிக்கும் இருந்த உறவு 1520களின் முற்பாதியைச் சேர்ந்தது. அது முடிந்த பிறகே அவர் மனம் ஆன் மீது சென்றது என்பதால், இருவரும் ஒரே காலத்தில் அவருக்காக மோதிக்கொண்டார்கள் என்று சொல்ல இடமில்லை. இருவரின் பிறந்த ஆண்டுகள்கூடப் பதிவாகவில்லை. இக்கதையைத் தமிழில் சொல்பவர் 'அக்கா', 'தங்கை' என்று முதல் வரியிலேயே முடிவு செய்தாக வேண்டும். மேரியே மூத்தவர் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து.

நாவலாசிரியருக்கு இடம் கிடைப்பது எங்கே என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1528இல் மேரியின் கணவர் வில்லியம் கேரி அக்காலத்தில் பரவிய வியர்வைக் காய்ச்சலில் இறந்தபோது, அவர்களுடைய சிறுவயது மகனின் காப்பாளர் உரிமையை மன்னர் ஆனுக்கு வழங்கினார். தாயிடமிருந்து பிள்ளையைப் பறித்ததாக இதை எழுதலாம். கடனோடு நின்ற விதவையின் சுமையைச் சகோதரி ஏற்றுக்கொண்டதாகவும் எழுதலாம். ஆவணம் இரண்டுக்கும் இடம் தருகிறது. இத்தகைய இடங்களில் நாவலாசிரியரின் ஊகத்தை ஊகமாகவே ரசியுங்கள். தேதிகளையும் உறவுமுறைகளையும் மட்டும் வரலாற்று நூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாவலை முடித்த கையோடு மேரியின் கடிதம் ஒன்றையும் படிக்க வேண்டுகிறேன். 1534இல், ஆன் அரசியாக இருந்தபோது, மேரி யாருடைய அனுமதியும் பெறாமல் வில்லியம் ஸ்டாஃபோர்டு என்ற எளிய வீரரை மணந்து, அரசவையிலிருந்து விலக்கப்பட்டார். மன்னரும் அரசியும் கோபம் தணியப் பரிந்து பேசும்படி அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லுக்கு அவர் எழுதிய அக்கடிதத்தில், உலகமெல்லாம் தன்னைத் துச்சமாக எண்ணியபோது ஸ்டாஃபோர்டு ஒருவரே தன்னைப் பெரிதாக மதித்தார் என்றும், கிறித்தவ உலகின் தலைசிறந்த அரசியாக இருப்பதைவிட இவரோடு பிச்சையெடுத்து உண்பதே மேல் என்றும் சொல்கிறார். அரசியின் மன்னிப்பைக் கேட்கும் கடிதத்திலேயே அரசி என்ற நிலையைத் தாழ்த்தி எழுதும் அந்தத் துணிவை எண்ணிப் பாருங்கள். சகோதரிகளுக்கிடையே இருந்த மனத்தாங்கலை நாவலின் எந்தச் சண்டைக் காட்சியையும்விட அந்த ஒரு வாக்கியம் எனக்கு அதிகமாக உணர்த்தியது. அதை எழுதி இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள், 1536 மே 19 அன்று, ஆனின் தலை துண்டிக்கப்பட்டது. மேரி 1543 வரை ஸ்டாஃபோர்டின் மனைவியாகவே வாழ்ந்தார்.