பாஸ்வேர்டை மாத்தினா பேக்கப் நிக்குதே!

கேள்வி: சர்வீஸ் அக்கவுண்ட் (பேக்கப் மாதிரி புரோகிராம்கள் தானா ஓட வச்சிருக்கிற அக்கவுண்ட்) பாஸ்வேர்டை மாத்தி மூணு வருஷமாச்சு, ஆடிட்ல கேக்குறாங்க. போன தடவ மாத்தினப்ப பேக்கப் நின்னுடுச்சு சார், என்ன பண்றது?

பதில்: மாத்தினது தப்பில்லைங்க, அந்த அக்கவுண்ட் எங்கெங்க ஒட்டிட்டு இருக்குன்னு பாக்காம மாத்தினதுதான் வினை. டொமைன் கன்ட்ரோலர்ல (நெட்வொர்க்ல லாகினைச் சரிபார்க்கிற சர்வர்) செக்யூரிட்டி லாக்ல 4768 ஈவென்ட்டைப் பாருங்க, அந்த அக்கவுண்ட் கெர்பரோஸ் டிக்கெட்டை, அதாவது லாகின் அனுமதிச் சீட்டை, எந்த ஐபிலேருந்து கேக்குதுன்னு தெரியும், அந்த மெஷின்கள்ல சர்வீஸ், ஷெட்யூல்டு டாஸ்க், எவரோ ஸ்கிரிப்ட்டுக்குள்ளயே பாஸ்வேர்டை எழுதி வச்சிட்டுப் போன புண்ணியம் (கண்டிப்பா ஒண்ணாவது இருக்கும்) எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டு அப்புறம் மாத்துங்க. சாஃப்ட்வேர் ஒத்துக்கிட்டா ஜிஎம்எஸ்ஏவுக்கு (gMSA, பாஸ்வேர்டை விண்டோஸே பாத்துக்கிற சர்வீஸ் அக்கவுண்ட்) போயிடுங்க, விண்டோஸ் சர்வர் 2012லேருந்தே இருக்கு, 30 நாளைக்கு ஒருதடவ தானாவே பாஸ்வேர்டு மாறிக்கும், மனுஷன் யாருக்கும் அது தெரியவே வேணாம். ஆனா இந்த 30 நாளை அக்கவுண்ட் உருவாக்கும்போது மட்டும்தான் மாத்தி வைக்கலாம்.